பிராய்லருக்கு மூலிகையா, புரோபயாடிக்கா? நான் தரையைப் பார்த்து முடிவு செய்தேன்

பல்லடம் பக்கம் 3,000 குஞ்சு விடும் சொந்தப் பண்ணை எங்களுடையது. கம்பெனி வளர்ப்பு என்றால் தீவனமும் மருந்தும் அவர்கள் தருவதுதான், இந்த யோசனைக்கே இடமில்லை. நாங்களே தீவனம் அரைப்பதால், எடைக்காக ஆன்டிபயாடிக் கலப்பதை நிறுத்திவிட்டு மூலிகையையும், புரோபயாடிக் எனப்படும் நல்ல குடல் கிருமிகளையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தேன். ஐரோப்பிய ஒன்றியம் 2006லேயே அந்தப் பழக்கத்துக்குத் தடை போட்டுவிட்டது. இங்கே 2019இல் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கோழி, கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள். ஏன் நிறுத்த வேண்டும் என்று இனி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

மூலிகை என்றால் மஞ்சள், மிளகு, சீரகம், பூண்டு, கீழாநெல்லி. எல்லாம் கைக்கெட்டும் சரக்கு. குஞ்சுகள் தீவனத்தை நன்றாகவே எடுத்தன. ஆனால் பச்சையாக அரைத்ததை அன்றே போடாவிட்டால் சித்திரை வெயிலில் புளித்துவிடும். பொடியாக வாங்கினால் மூட்டைக்கு மூட்டை காரம் மாறும். சரி என்று சாறு வடித்துத் தண்ணீரில் விட்டேன். அங்கேதான் வம்பு. கோழி கொத்திக் குடிக்கும் குழாய் முனையான நிப்பிளில் திப்பி அடைத்து, மூடாமல் சொட்டச் சொட்ட, கீழே தரையில் பரப்பிய தென்னை நார்த்தூள் கட்டிதட்டிப் போனது.

தரை நனைந்தால் மற்றதெல்லாம் வரிசையாக வரும். அம்மோனியா கண்ணைக் கரிக்கும், கால் அடியில் புண் வைக்கும். ரத்தக்கழிச்சல் கிருமியின் முட்டைகள் ஈரத்தில்தான் முதிர்கின்றன. அது குடலைக் கிழித்த இடத்தில் கிளாஸ்டிரிடியம் என்ற இன்னொரு நோய்க்கிருமி குடியேறும். கடைசியில் எதை வேண்டாம் என்றோமோ அதே ஆன்டிபயாடிக்கைத் தேடி மருந்துக்கடைக்கு ஓட வேண்டியதுதான்.

புரோபயாடிக்கிலும் முதலில் ஏமாந்தேன். லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல கிருமியை வாங்கி, குளோரின் போட்ட தண்ணீரிலேயே கலந்தேன். கிருமியைக் கொல்லப் போட்ட குளோரின் காசு கொடுத்து வாங்கிய கிருமியை விட்டுவைக்குமா? பிறகு பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற கிருமியின் ஸ்போர் பொடிக்கு மாறினேன்; கிருமி கெட்டி ஓட்டுக்குள் உறங்கும் நிலைதான் ஸ்போர். தீவனத்தில் கலப்பதோடு வேலை முடிந்தது; தண்ணீர்க் குழாய்ப் பக்கமே போக வேண்டாம். தீவனத்தைச் சூடாக்கி அழுத்திக் குருணையாக்கும் பெல்லட் போடுகிறவர்களுக்கும் இதுதான் சரி, அந்தச் சூட்டை ஸ்போர் தாங்கும், லாக்டோபேசில்லஸ் பெரும்பாலும் தாங்காது. எச்சம் கெட்டியாக விழுகிறது. நார்த்தூளைக் கிளறிவிடும் வேலை பாதியாகிவிட்டது.

முதல் நாளிலிருந்தே கொடுப்பது முக்கியம். பொரிப்பகக் குஞ்சுக்குத் தாயிடமிருந்து வரும் குடல் கிருமி கிடைப்பதில்லை. 1973இல் பின்லாந்தின் நூர்மியும் ரந்தலாவும், வளர்ந்த கோழியின் குடல் கிருமிகளைக் கொடுத்தால் குஞ்சுக்குள் சால்மோனெல்லா எளிதில் இடம்பிடிப்பதில்லை என்று காட்டினார்கள். காலி வீட்டில்தான் கண்டவன் குடியேறுவான்.

எடையில் எது முந்தியது என்று கேட்டால், என் தராசில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஐப்பசி மழையில் ஸ்போர் பொடியோடு ஒரே ஒரு பேட்ச்தான் எடுத்திருக்கிறேன், அதை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். நோய் வந்துவிட்டால் இரண்டும் மருந்தாகாது. டாக்டரைத்தான் கூப்பிட வேண்டும்.

மஞ்சளையும் பூண்டையும் அம்மா விடவில்லை. கொல்லையில் மேயும் பத்து நாட்டுக்கோழிக்கு அம்மியில் அரைத்து உருட்டிப் போடுகிறார். அங்கே நிப்பிளும் இல்லை, நார்த்தூளும் இல்லை.