காலைத் தியானத்துக்கு எது ஏற்றது: புத்தகமா, ஆப்பா, பைபிள் மட்டுமா?

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டில் ஐந்தரைக்கு எழுந்துவிடுவோம். காவேரித் தண்ணீர் விடுகிற நாளென்றால் அதற்கும் முன்னால். ஏழு மணிக்குள் மெட்ரோ பிடித்தால்தான் ஒயிட்ஃபீல்டுக்கு நேரத்தில் போய்ச் சேரலாம். நடுவில் ஆண்டவருக்கென்று உட்காரக் கிடைப்பது இருபது நிமிஷம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அந்த நேரத்தில் எதை எடுத்துக்கொண்டு உட்கார்வது? ஒவ்வொன்றையும் பல மாதம் செய்து பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.

தின தியானப் புத்தகம்தான் எல்லாவற்றிலும் சுலபம். நாளுக்கு ஒரு பக்கம். ஒரு வசனம், ஒரு சம்பவம், சின்ன ஜெபம். நாளுக்கொரு வசனம் என்பதே பழைய வழக்கம்தான். ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் மொரேவிய சபையார் 1731இலேயே அப்படி அச்சிட்டார்கள், இன்றும் அது வருகிறது. உடல்நலமில்லாத நாட்களில் எனக்குக் கைகொடுத்தது இந்தப் புத்தகம்தான். ஆனால் மதியம் யோசித்துப் பார்த்தால் அதில் வந்த சம்பவம் நினைவிருக்கும், வசனம் இருக்காது.

ஒரு வருடத்தில் முழு பைபிள் என்ற திட்டத்தைத் தொடக்கத்திலேயே எடுக்க வேண்டாம். மொத்தம் 1189 அதிகாரம், நாளுக்கு மூன்று நான்கு வாசிக்க வேண்டும். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40 முடித்து ஜனவரி கடைசியில் லேவியராகமத்துக்கு வருவோம். பலிகளின் விதிமுறைகளில் வேகம் குறையும், இரண்டு நாள் தவறினால் ஏழெட்டு அதிகாரம் பாக்கி நிற்கும். அப்புறம் பைபிளைப் பார்த்தாலே குற்ற உணர்ச்சி. ஸ்காட்லாந்துப் போதகர் மெக்செயின் 1842இல் தன் சபைக்கு வகுத்துக் கொடுத்த அட்டவணையும் நாளுக்கு நான்கு அதிகாரம்தான். வேரூன்றியவர்களுக்கு அது அருமையான திட்டம்.

ஆப் விஷயத்தில் எனக்கு இரண்டு மனது. வசனத்தைத் தேடிப் போனைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது ஆபீஸ் வாட்ஸ்அப். அப்படி எத்தனையோ காலைகளை இழந்திருக்கிறேன். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் ஆண்டவர் தந்த மன்னா என்ற உணவை விடியற்காலையிலேயே சேர்க்க வேண்டும், வெயில் ஏறினால் உருகிவிடும். அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் என் போன்தான் ஞாபகம் வரும். ஆனால் ஆடியோவை விட்டுக்கொடுக்க மாட்டேன். என் மகள் வீட்டில் தமிழ் பேசுவாள், பள்ளியில் படிப்பது ஆங்கிலமும் கன்னடமும். பழைய தமிழ் பைபிள் மொழிபெயர்ப்பின் நீளமான வாக்கியங்களை வாசிக்கத் திணறுவாள். ஆடியோ ஓட ஓட, அச்சிட்ட பைபிளில் விரல் வைத்துத் தொடர்ந்து வந்தாள். நான்கு மாதத்தில் தானாகவே வாசித்தாள். பெங்களூரில் பிள்ளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் இதைக் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு, முன்பே இறக்கி வைத்த ஆடியோவைக் கேளுங்கள்.

ஐந்து மணிக்கு போனில் கூடும் குழு ஜெபம் தனியாக இருப்பவர்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் குழு கூடாத நாளில் நம் ஜெபமும் நின்றுவிடுகிறது.

தொடங்குகிறவர்களுக்கு என் சிபாரிசு அச்சிட்ட தமிழ் பைபிளும் சின்னப் பகுதியும். மாற்கு 16 அதிகாரம். நாளுக்குப் பாதி என்றால் ஒரு மாதம். அப்புறம் நீதிமொழிகள், 31 அதிகாரம். தேதி எதுவோ அந்த அதிகாரம், தவறிய நாளுக்குப் பாக்கியே கிடையாது. 119ஆம் சங்கீதத்தின் 176 வசனங்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்; எட்டெட்டு வசனமாக 22 பகுதி, நாளுக்கு ஒன்று போதும்.

எங்கள் வீட்டில் இப்போது மாற்கு ஐந்தாம் அதிகாரம். இயேசு உயிரோடு எழுப்பிய யவீருவின் மகளுக்குப் பன்னிரண்டு வயது என்று வந்ததும், "எனக்கும் பன்னிரண்டுதானேம்மா" என்றாள் மகள். அந்தப் பகுதியை அவளே இன்னொரு தடவை வாசித்தாள். அவளுக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்று இயேசு சொல்கிற இடத்தில் முடித்துவிட்டு, தோசை வார்க்க எழுந்தேன்.