செங்கோட்டை நர்சரி: அல்லி வாங்கலாம், ஆகாயத்தாமரை வேண்டாம்

செங்கோட்டையிலிருந்து புளியரை போகிற வழியில் இருக்கும் அந்த நர்சரியை, கொல்லையில் சின்னக் குளம் வைத்திருக்கிற எல்லாருக்கும் தாராளமாகச் சொல்வேன். குளத்துத் தண்ணீர் பாசி படிந்து பச்சையாகிவிட்டது, அதற்கு மருந்து கேட்டுப் போனேன். கடைக்கார அக்கா மருந்தை எடுக்கவில்லை. "குளத்துல வெயில் எவ்வளவு நேரம் விழுது, மீனுக்கு எவ்வளவு தீனி போடுதீங்க?" என்றுதான் முதலில் கேட்டார். சரியான கேள்வி. வெயிலும், மீன் கழிவிலும் மிச்சத் தீனியிலும் இருந்து சேரும் நைட்ரஜன், பாஸ்பரஸும்தான் பாசிக்குச் சோறு.

இரண்டு அல்லிக் கிழங்கும் ஒரு கட்டு வேலம்பாசியும் தந்தார் (பெயரில்தான் பாசி, இது தண்ணீருக்குள் வளரும் செடி). கிழங்கு அமுக்கினால் கெட்டியாக இருந்தது, அழுகல் வாடையே இல்லை. செம்பழுப்பு முளை விரல்நுனி அளவுக்கு நீட்டியிருந்தது. களிமண் நிரப்பிய தொட்டியில் நட்டு, மீன் கிளறாமல் இருக்க மேலே கூழாங்கல் பரப்பச் சொன்னார். இலைகள் பாதிக் குளத்தை மூடியதும் தண்ணீர் தெளிந்துவிட்டது. கெண்டை அடியில் திரும்பும்போது வால் தெரிகிறது. கல் இடுக்கில் இழைப்பாசி மட்டும் இன்னும் வரும். அதைக் குச்சியில் சுற்றி இழுத்துத் தென்னை மூட்டில் போட்டுவிடுகிறேன், நல்ல உரம்.

ஒரே குறை, அங்கே ஆகாயத்தாமரையும் விற்கிறார்கள். தண்ணீரில் உள்ள சத்தை அது உறிஞ்சும், உண்மைதான். ஆனால் மழையில் குளம் வழிந்தால் ஓடைக்குப் போய்விடும், அப்புறம் ஊர்க்குளம் முழுக்க அதுதான். விற்கவே கூடாது.

அல்லி ஒன்று 150 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை புனலூர்க்காரர்கள் வந்து அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள், வாரநாளில் போங்கள்.