தேடுபவருக்கு என்ன வேண்டும்? சர்ச் கன்சோலை நீண்ட நாள் பயன்படுத்திய அனுபவம்

எஸ்இஓ (தேடல் முடிவுகளில் நம் தளத்தை மேலே கொண்டுவரும் வேலை) என்று பேச ஆரம்பித்தாலே எந்த டூலை வாங்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். நான் வருடக்கணக்காக நம்பியிருப்பது காசே கேட்காத கூகுள் சர்ச் கன்சோலைத்தான். நம் தளம் கூகுள் தேடலில் எப்படி வருகிறது என்று தளத்தின் சொந்தக்காரருக்குக் காட்டும் டூல் அது, 2015 வரை வெப்மாஸ்டர் டூல்ஸ் என்று பெயர் இருந்தது. கட்டண டூல்களையும் பயன்படுத்தியிருக்கிறேன். அவை காட்டும் சர்ச் வால்யூம் (ஒரு சொல்லை எத்தனை முறை தேடுகிறார்கள் என்ற எண்) ஒரு மதிப்பீடு. சர்ச் கன்சோலின் பெர்ஃபாமன்ஸ் ரிப்போர்ட்டில் இருப்பதோ, நம் பக்கம் ரிசல்ட்டில் வந்த நேரத்தில் ஆட்கள் நிஜமாகவே டைப் செய்த வார்த்தைகள். இந்த வித்தியாசம் ரொம்பப் பெரியது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். எக்செல்லில் ஒரு மதிப்பைத் தேடி அதற்குரிய விவரத்தை அட்டவணையிலிருந்து எடுத்துத்தரும் ஃபார்முலாவான வீலுக்கப்பை (VLOOKUP) அடிப்படையிலிருந்து சொல்லித்தரும் பக்கம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் ஃபில்டர் செய்து, குவெரிகளை (ஆட்கள் தேடிய சொற்களை) இம்ப்ரெஷன் வாரியாக, அதாவது நம் பக்கம் ரிசல்ட்டில் எத்தனை முறை காட்டப்பட்டது என்ற வரிசையில், அடுக்கிப் பார்த்தால், மேலே நின்றது 'வீலுக்கப் என்றால் என்ன' இல்லை. 'வீலுக்கப் என்ஏ எரர்', 'வேல்யூ இருந்தும் என்ஏ வருகிறது' மாதிரியானவை (தேடிய மதிப்பு கிடைக்கவில்லை என்று எக்செல் காட்டும் #N/A பிழைதான் இந்த என்ஏ). இம்ப்ரெஷன் ஏராளம், கிளிக் சொற்பம். தேடுகிறவர் பாடம் படிக்க வரவில்லை, ஷீட் திறந்து கிடக்கிறது, வேலை பாதியில் நிற்கிறது, அவசரத்தில் தேடுகிறார். செல்லின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஸ்பேஸ் ஒட்டியிருக்கிறதா, ஒரு பக்கம் எண்ணாகவும் இன்னொரு பக்கம் டெக்ஸ்டாகவும் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாலே பாதிப் பேருக்கு வேலை முடிந்துவிடும். அதற்குத் தனிப் பக்கம் போட்டு, தீர்வை முதல் பத்தியிலேயே வைத்தேன். அப்புறம்தான் அந்தத் தேடல்களுக்குக் கிளிக் வர ஆரம்பித்தது.

சர்ச் கன்சோலில் 2021-ல் வந்த ரெஜெக்ஸ் ஃபில்டரும் (சொற்களின் அமைப்பைக் கொடுத்து வடிகட்டும் வசதி) எனக்கு ரொம்பப் பிடித்தது. எப்படி, ஏன், எது ஆகிய சொற்களுக்கு நடுவே செங்குத்துக் கோடு (|) போட்டுக் கொடுத்தால் கேள்வியாக வந்த தேடல்கள் மட்டும் தனியாக வந்து நிற்கும். அடுத்து என்ன எழுதுவது என்று மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டாம்.

ஆனால் இதை மட்டும் பார்த்தால் போதாது, அந்தச் சொல்லை நீங்களே கூகுளில் தேடியும் பார்க்க வேண்டும். 'பிடிஎஃப் சைஸ் குறைக்க' என்று தேடினால் வரிசையாக ஃபைலை அப்லோட் செய்யும் தளங்கள்தான் வரும். அங்கே நீளமான கட்டுரையோடு போய் நிற்பதில் பிரயோஜனம் இல்லை, ஆட்களுக்கு வேண்டியது ஒரு பட்டன். தகவல் தேடுவது, குறிப்பிட்ட தளத்துக்குப் போக நினைப்பது, ஏதாவது செய்து முடிக்க நினைப்பது என்று கணினி விஞ்ஞானி ஆண்ட்ரே பிரோடர் 2002-லேயே தேடல்களை மூன்றாகப் பிரித்துவிட்டார். கட்டண டூல்கள் ஒவ்வொரு கீவேர்டுக்கும் ஒட்டும் இன்டென்ட் (தேடுபவரின் நோக்கம்) லேபிள்களும் ஏறக்குறைய அதே பிரிவுகள்தான். மேலோட்டமாகப் பார்க்க அது போதும், முடிவெடுக்கப் போதாது என்பது என் கருத்து. வீலுக்கப் பாடமும் வீலுக்கப் எரரும் 'தகவல்' என்ற ஒரே டப்பாவில்தான் விழும், இரண்டுக்கும் எழுத வேண்டிய பக்கமோ வேறு வேறு.

சர்ச் கன்சோலில் குறைகளும் இருக்கின்றன. திரையில் 1000 வரிசைக்கு மேல் காட்டாது. மிகச் சிலரே தேடிய குவெரிகளைத் தனியுரிமைக்காக மறைத்துவிடுவார்கள், அதனால் பட்டியலில் உள்ள கிளிக்குகளைக் கூட்டினால் மொத்தத்தோடு ஒத்துப்போகாது. ரிசல்ட்டில் சராசரியாக எத்தனையாவது இடத்தில் வருகிறோம் என்று காட்டும் ஆவரேஜ் பொசிஷனை அப்படியே நம்ப வேண்டாம்: ஒரு குவெரிக்கு 2-ஆம் இடம், இன்னொன்றுக்கு 40-ஆம் இடம் என்றிருந்தால் இரண்டையும் கலந்து ஒரே எண்ணாகக் காட்டும். அதைப் பக்கம் வாரியாகப் பார்க்காமல் குவெரி வாரியாகப் பாருங்கள்.

டேட்டா 16 மாதத்துக்குத்தான் இருக்கும். நான் மாதக் கடைசியில் ஒரு ஷீட்டுக்கு எக்ஸ்போர்ட் செய்து வைத்துவிடுகிறேன். அதே பக்கத்துக்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் எந்தச் சொல்லோடு வந்தார்கள், இப்போது எந்தச் சொல்லோடு வருகிறார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேறு வழி இல்லை.