ஹாம் செட்டை ‘ஃபுல் அப்கிரேடு’க்குக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பொழுதுபோக்காக வானொலியில் பேசும் ஹாம்கள் வைத்திருக்கும் யாசூ எஃப்டி-817 மாதிரியான சின்ன வயர்லெஸ் செட்டுகளை ‘ஃபுல் அப்கிரேடு’ செய்து தருவதாக வட சென்னை ரிப்பேர்க்காரர் ஒருவரின் விளம்பரம் ஹாம் வாட்ஸ்ஆப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. லித்தியம் பேட்டரி, டிசிஎக்ஸ்ஓ (சூடு மாறினாலும் அலைவரிசையை நகராமல் பிடித்துவைக்கும் ஆசிலேட்டர்), பத்து வாட் பவர், எல்லாம் ஒரே பேக்கேஜ். நானும் அதைப் பார்த்துத்தான் போனேன். கடைப் பெயரைப் போடவில்லை. விளம்பரம் கண்ணில் பட்டால் உங்களுக்கே புரிந்துவிடும்.

என்னுடையது 817என்டி, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. உள்ளே, பக்கத்துச் சிக்னல்களையும் இரைச்சலையும் வெட்டிவிடும் காலின்ஸ் மெக்கானிக்கல் ஃபில்டர் இருந்தது: ஒய்எஃப்-122சி, 500 ஹெர்ட்ஸ். மோர்ஸில் பேசுகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும். அந்த ஃபில்டர்களின் தயாரிப்பு நின்று பல வருடம் ஆகிறது. யாராவது கழற்றி விற்றால்தான் உண்டு. எனக்குச் செட்டை விற்றவர் மேல்மூடியைத் திறந்து எடுத்த படங்களையும் அனுப்பியிருந்தார். ஃபில்டரின் ஓரத்தில் அடையாளத்துக்கு அவர் வைத்த சிவப்பு நெயில் பாலிஷ் பொட்டு அதில் பளிச்சென்று தெரியும்.

நான் வீட்டில் உட்கார்ந்து பேசுகிற ஆள் இல்லை. ராயபுரத்தில் மாடிக்கு மாடி ஒயர், இன்வெர்ட்டர், எல்இடி விளக்கு. 7 மெகாஹெர்ட்ஸைத் திறந்தால் இரைச்சல்தான். அதனால் திருவொற்றியூரில் கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுக் கற்கள் பக்கம் போய்விடுவேன். தூண்டில் கழியில் 5 மீட்டர் ஒயரைக் கட்டி நிறுத்தினால் 14 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீள ஆன்டெனா ஆயிற்று. பக்கத்திலேயே உப்புத் தண்ணீர் என்பதால் சிக்னல் தாழ்வாகக் கிளம்பி வெகுதூரம் போகும். ஐந்து வாட்டே தாராளம். தொல்லை பேட்டரிதான். இந்த செட் சும்மா கேட்டுக்கொண்டிருக்கவே 450 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். கம்பெனி பேட்டரி 1400 எம்ஏஎச். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

கடையில் என் கால்சைனையோ (ஹாமுக்கான அடையாளக் குறியீடு) லைசென்ஸையோ கேட்கவில்லை. இந்த மாதிரி செட்டை உரிமம் இல்லாமல் வைத்திருக்கக்கூடாது என்று 1933-லேயே சட்டம் போட்டாகிவிட்டது. பில் கேட்டேன். “பில் போட்டா ஜிஎஸ்டி வேற வரும் சார், உங்களுக்கு எதுக்கு அது?” என்றார். ஜிபேயில் பணம் அனுப்பும்போது குறிப்பில் ‘817 பேட்டரி, டிசிஎக்ஸ்ஓ’ என்று எழுதினேன். அது பின்னால் உதவியது.

செட் திரும்பி வந்த அன்றே நான் வைத்திருந்த மோர்ஸ் கீயர் வேகம், மெமரி எல்லாம் அழிந்திருந்தன. “அப்கிரேடு பண்ணா ரீசெட் ஆகும் சார்” என்றார். பேட்டரி மாற்றுவதற்கு ரீசெட் எதற்கு?

அடுத்த ஞாயிறு கற்களுக்குப் போய் சிக்யூ, அதாவது ‘யாராவது பேச வாருங்கள்’ என்ற அழைப்பு, கொடுத்தேன். கோவைப் பக்கத்து மூத்த ஹாம் ஒருவர் வந்தார். “தம்பி, சிக்னல் இருக்கு, ஆனா ஆடியோ கிழியுது. அஞ்சு கிலோஹெர்ட்ஸ் தள்ளிப் போனாலும் உங்க குரல் சிதறிக் கேக்குது. பவரைக் குறைங்க.” குறைத்தேன், சரியானது. அப்புறம் மோர்ஸுக்கு மாறி நேரோ பட்டனை அழுத்தி அந்த காலின்ஸ் ஃபில்டரைப் போட்டால், இரைச்சலில் எந்த மாற்றமும் இல்லை. முன்பெல்லாம் அதை அழுத்தினால் கடையில் ஷட்டரை இறக்கியதுபோல மொத்தச் சத்தமும் சட்டென்று அடங்கும். இதற்குள் பேட்டரியும் படுத்துவிட்டது. ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து, பட்டறை வைத்திருக்கும் நண்பரோடு சேர்ந்து திறந்தோம். ஃபில்டர் இருந்த இடம் காலி.

பேட்டரி மூடி லேசாகப் புடைத்திருந்தது. உள்ளே தட்டையான லித்தியம் பாலிமர் பேக், மேலே ‘3000 எம்ஏஎச்’ என்று புதிதாக ஒட்டிய ஸ்டிக்கர். உறையைப் பிரித்தால் அடியில் பழைய உறை இன்னொன்று. ஒரு செல் உப்பியிருந்தது. பாதுகாப்பு சர்க்யூட் கிடையாது. இதைவிட மோசம், அதைச் செட்டின் சொந்த பேட்டரி கனெக்டரிலேயே மாட்டியிருந்தார். இந்த செட்டுக்குள் இருக்கும் சார்ஜர் நிக்கல் பேட்டரிக்கானது. நேரக் கணக்கில் ஓடும். மூன்று செல் லித்தியம் 12.6 வோல்ட்டில் நின்றாக வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. வெளியிலிருந்து கரண்ட் கொடுத்து ராத்திரி முழுக்க சார்ஜில் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. லித்தியம் போடுவதானால் தனி சார்ஜர், தனி சாக்கெட், செல்களைக் காக்கும் போர்டு மூன்றும் வேண்டும்.

‘பத்து வாட்’ என்பது இன்னொரு கூத்து. ஏ, பி, சி பட்டன்களைச் சேர்த்து அழுத்தியபடி ஆன் செய்தால், செட்டின் உள் அளவுகளை வைக்கும் கம்பெனி அலைன்மென்ட் மெனு திறக்கும். அதில் பவர் எண்களை இஷ்டத்துக்கு ஏற்றிவிட்டிருக்கிறார். ஒவ்வொரு செட்டுக்கும் எண்கள் வேறு; பழையதை எங்கேயும் குறித்து வைக்கவில்லை. ஐந்து வாட் நிஜமாகவே பத்தானாலும் எதிர்முனையில் சிக்னல் மீட்டரில் அரை எஸ்-யூனிட்தான், அதாவது அரைப் படிதான், கூடும். அதற்காக ஆடியோ நாறுகிறது, பவரை வெளியே அனுப்பும் ஃபைனல் டிரான்சிஸ்டர் வேகிறது. டம்மி லோடும் (சோதனைக்கு ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டுவது) நல்ல வாட் மீட்டரும் வைத்துத்தான் நண்பர் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்.

கேட்காமலேயே செய்த காரியம் ஒன்றும் இருந்தது. போர்டிலுள்ள ஜம்பர் பேடுகளின் இணைப்பை மாற்றி, ஹாம் பேண்டுக்கு வெளியேயும் டிரான்ஸ்மிட் ஆகும்படி ‘ஓப்பன்’ செய்து வைத்திருந்தார். அப்படி மாற்றினால் செட்டை ரீசெட் செய்தாக வேண்டும். ரீசெட்டின் மர்மம் அதுதான். உதாரணமாக, விஎச்எஃப் பகுதியில் எனக்கு அனுமதி 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை. அதைத் தாண்டினால் மற்றவர்களுடைய அலைவரிசைகள். டயலைத் திருப்பும்போது கை தவறி மைக் பட்டனை அமுக்கினால் கேள்வி கேட்க வருகிறவர்கள் ரிப்பேர்க்காரரைத் தேடி வரமாட்டார்கள். அதையும் உடனே பழையபடி மாற்றினோம்.

நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன், டிசிஎக்ஸ்ஓ மட்டும் ஒழுங்காகப் போட்டிருந்தார். 10 மெகாஹெர்ட்ஸில் சீனாவின் பிபிஎம் நேரச் சிக்னலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது.

கடைக்குப் போய்ப் படத்தைக் காட்டினேன். “இது வேற செட்டு சார். உங்களதுல ஃபில்டரே கிடையாது.” செட்டை இறக்கி வைத்த அன்று அவர் முன்னாலேயே நேரோ பட்டனை அழுத்திக் காட்டியதை நினைவுபடுத்தினேன். “அதெல்லாம் யாருக்கு சார் ஞாபகம்?” நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் கொடுப்பேன், ஜிபே குறிப்பு இருக்கிறது என்றதும் பேட்டரிப் பணம் மட்டும் வந்தது. ஃபில்டர் வரவில்லை. உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டேன். அடுத்து வட சென்னை நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

கொடுத்தே ஆகவேண்டும் என்றால், மூடியைக் கடைக்காரர் முன்னாலேயே திறந்து, சீரியல் நம்பரும் உட்புறமும் ஒரே வீடியோவில் வருகிற மாதிரி எடுங்கள். என் படத்தில் சீரியல் நம்பர் இல்லை, அவருக்கு அது போதுமானதாக இருந்தது. அலைன்மென்ட் எண்களையும் எழுதி வையுங்கள். வாங்கும்போது ஃபில்டரையும் ஆடியோவையும் அங்கேயே சோதியுங்கள். டம்மி லோடு இல்லாத கடை என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

ஓரத்தில் சிவப்புப் பொட்டு வைத்த ஒய்எஃப்-122சி ஒன்று உங்கள் குழுவில் விற்பனைக்கு வந்தால், வாங்குவதற்கு முன் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள்.