சதை தின்னும் தொற்று: லிரினெக், அப்பாச்சி, சோஃபா, எதை எதற்கு நம்பலாம்?

நெக்ரோடைசிங் ஃபேசியைட்டிஸ் மாதிரி, தோலுக்கு அடியில் கொழுப்பையும் தசை உறையையும் அழுகவைத்தபடி மணிக்கணக்கில் பரவும் தொற்றுகளில், நல்ல சிகிச்சை கிடைத்தும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இறந்துபோகிறார். யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்று முன்கூட்டியே சொல்ல ஏகப்பட்ட ஸ்கோர்கள் வந்துவிட்டன. எல்லாவற்றையும் வரிசையில் நிறுத்தி எதற்கு ஏயூசி (தேறுபவரையும் தேறாதவரையும் எவ்வளவு நன்றாகப் பிரிக்கிறது என்று காட்டும் எண்) அதிகம் என்று பார்ப்பதுதான் ஒப்பீட்டுக் கட்டுரைகளில் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்காக, நோயின் வேறு வேறு நேரத்துக்காகச் செய்யப்பட்டது. அதை விட்டுவிட்டு எண்களை மட்டும் ஒப்பிட்டால் தவறான முடிவுக்குத்தான் போவோம்.

அதிகம் தவறாகப் பயன்படுவது லிரினெக். 2004-ல் சிங்கப்பூர் மருத்துவர்கள் வெளியிட்டது. சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் புரதம்), வெள்ளையணு, ஹீமோகுளோபின், சோடியம், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), சர்க்கரை என்று ஆறே ரத்தப் பரிசோதனைகள், மொத்தம் 13 புள்ளிகள். 6 வந்தால் சந்தேகப்பட வேண்டும், 8 வந்தால் பலமாகச் சந்தேகப்பட வேண்டும். இதை உருவாக்கியவர்கள் கேட்ட கேள்வி, இது வேறு மென்திசுத் தொற்றா, நெக்ரோடைசிங் தொற்றா என்பது மட்டும்தான். நோயாளி பிழைப்பாரா என்பது அல்ல. பிறகு வந்தவர்கள் இதையே மரணத்தைக் கணிக்கவும் எடுத்துக்கொண்டார்கள். கிரியேட்டினினும் சோடியமும் உள்ளே இருப்பதால் ஓரளவு பொருந்தத்தான் செய்கிறது, ஆனால் ரத்த அழுத்தம், மூச்சு, நினைவு, வயது எதுவுமே அதில் கிடையாது. நோயைக் கண்டுபிடிக்கும் சொந்த வேலையிலும் அது தடுமாறுகிறது: 2019-ல் வந்த ஒரு மெட்டா அனாலிசிஸில் (பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் ஆய்வு) 6 என்ற கோட்டுக்கு சென்சிட்டிவிட்டி (நோய் உள்ளவர்களில் எத்தனை பேரைப் பிடிக்கிறது என்பது) 68 சதவீதம், 8 என்ற கோட்டுக்கு 41 சதவீதம்தான். 13-ல் 4 புள்ளிகளை சி.ஆர்.பி. ஒன்றே வைத்திருக்கிறது, அது ஏறவோ நேரம் பிடிக்கும், அதனால் சீக்கிரமே வந்து சேர்ந்த நோயாளிக்கு ஸ்கோர் குறைவாகக் காட்டலாம். கையளவு சிவப்புக்கு உயிர் போகிற வலி என்று ஒருவர் துடித்துக்கொண்டிருக்கும்போது "லிரினெக் 4 தானே" என்று காத்திருப்பது ஆபத்தான வேலை. கூடினால் கவனியுங்கள்; குறைந்தால் அதை வைத்து நோய் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

அப்பாச்சி 2 இதற்கு நேர் எதிர். 1985-ல் ஐசியூ நோயாளிகளுக்காகவே செய்யப்பட்டது. பன்னிரண்டு உடலியல் அளவுகள், வயது, நாள்பட்ட நோய்கள் எல்லாம் சேரும், உச்சம் 71. மரணத்தைக் கணிப்பதில் இது வலுவானதுதான். சிக்கல் என்னவென்றால் ஐசியூவில் முதல் 24 மணி நேரத்தின் மிக மோசமான அளவுகளை எடுத்துத்தான் கணக்கிட வேண்டும், அதற்குள் இந்த நோயில் கத்தி எடுத்திருக்க வேண்டும். ஆய்வுக்கும் வார்டுகளை ஒப்பிடுவதற்கும் நல்லது, நடு இரவில் எமர்ஜென்சியில் நிற்பவருக்கு உதவாது.

ஃபோர்னியர் கேங்ரீனுக்கு (பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பகுதியில் வரும் இதே வகைத் தொற்று) மட்டுமான எஃப்.ஜி.எஸ்.ஐ. 1995-ல் வந்தது. ஒன்பது அளவுகள், 9-க்கு மேல் போனால் மரண வாய்ப்பு 75 சதவீதம் என்று முதல் கட்டுரை சொன்னது. மிகச் சிறிய நோயாளிக் குழுவில் பிறந்த எண் அது. இன்று அப்படியே குடும்பத்தாரிடம் சொல்ல நான் துணியமாட்டேன்.

எனக்குப் பிடித்தது 2009-ல் அனாயா குழு வெளியிட்ட எளிய ஸ்கோர். வயது 50-க்கு மேல், நாடித்துடிப்பு 110-க்கு மேல், வெப்பம் 36 டிகிரிக்குக் கீழ், வெள்ளையணு 40,000-க்கு மேல், கிரியேட்டினின் 1.5-க்கு மேல், ஹீமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 50-க்கு மேல். ஆறும் அட்மிஷன் நேரத்திலேயே கையில் இருக்கும், இந்த நோய்க்கென்றே, மரணத்தைக் கணிக்கவென்றே செய்தது. ஆனால் 40,000 வெள்ளையணுவும் 50-க்கு மேல் ஹீமட்டோக்ரிட்டும் அரிதாகத்தான் வரும், அதனால் நடுத்தர ஆபத்தில் இருக்கும் பெரும்பாலானவர்களை இது நன்றாகப் பிரிப்பதில்லை.

சரி, கடைசியில் எதை எடுப்பது? என் கை சோஃபா பக்கம்தான் போகிறது, கூடவே லாக்டேட் (திசுக்களுக்கு ஆக்ஸிஜன் போதாதபோது ரத்தத்தில் ஏறுவது). சோஃபாவில் மூச்சு, ரத்த உறைவு, ஈரல், ரத்த ஓட்டம், நினைவு, சிறுநீரகம் என்று ஆறு உறுப்பு அமைப்புகளுக்கும் 0 முதல் 4 வரை புள்ளிகள். இந்த நோயில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் புண் அல்ல, செப்சிஸும் (தொற்றுக்கு உடல் கட்டுப்பாடின்றி எதிர்வினை காட்டும் நிலை) உறுப்புச் செயலிழப்பும்தான். சோஃபா அதை நேரடியாக அளக்கிறது. அதைவிட முக்கியம், தினமும் திரும்பப் போடலாம். முதல் டிப்ரைட்மென்ட் (அழுகிய திசுவை வெட்டி அகற்றும் அறுவை சிகிச்சை) முடிந்தும் லாக்டேட் இறங்கவில்லை, சோஃபா ஏறுகிறது என்றால், அழுகிய திசு இன்னும் உள்ளே மிச்சம் இருக்கிறதா என்று மறுபடி திறந்து பார்க்கச் சொல்லும் அறிகுறி அது. ஒரே ஒரு முறை போடும் எந்த ஸ்கோரும் அதைச் சொல்லாது. க்யூசோஃபாவை (மூச்சு வேகம், நினைவு, ரத்த அழுத்தம் மூன்றை மட்டும் பார்க்கும் சுருக்க வடிவம்) இதற்கு மாற்றாக வைக்காதீர்கள், ஷாக்குக்குப் போகும் முன்பு அது பூஜ்யமாகவே இருக்கலாம்.

இந்த ஸ்கோர்கள் எதிலும் இல்லாத ஒன்று நேரம். 2020-ல் வந்த ஒரு மெட்டா அனாலிசிஸில், வந்த 6 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்தவர்களில் இறப்பு 19 சதவீதம், அதற்குப் பிறகு நடந்தவர்களில் 32. ஒரே சோஃபாவோடு வந்த இரண்டு பேருக்கு முடிவு வேறாக இதுவே போதும். அப்புறம் ஏயூசியில் தெரியாத இன்னொரு விஷயம்: பழைய ஸ்கோர்கள் இறப்பு அதிகமாக இருந்த காலத்தில் உருவானவை. யார் அதிக ஆபத்தில் என்று வரிசைப்படுத்துவதை இன்றும் சரியாகச் செய்யலாம், ஆனால் அவை சொல்லும் சதவீதம் கூடுதலாக இருக்க வாய்ப்பு உண்டு.

மரணம் மட்டும்தான் முடிவா என்ன? ஸ்காண்டிநேவியாவில் 409 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வில், கை காலில் தொற்று வந்தவர்களில் 22 சதவீதத்தினருக்கு உறுப்பை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. மேலே பேசிய ஐந்தில் ஒன்றுகூட அதைக் கணிக்கச் செய்யப்பட்டதல்ல. காலைக் காப்பாற்ற முடியுமா என்று கேட்கும் மகளுக்கு சோஃபாவைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. காயத்தைத் திறந்து, தசையில் எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று பார்த்த சர்ஜன்தான் சொல்ல வேண்டும்.