வார்டு பிரச்சாரத்தில் வாட்ஸ்அப் குழு: திட்டுக்குப் பதில் சொல்ல எவ்வளவு உதவும்?

ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை, தொண்டி பக்கம் உள்ளாட்சித் தேர்தலில் வேட்பாளருக்கு விழும் திட்டு பெரும்பாலும் தெருக் குழுக்களில்தான் விழுகிறது, அதுவும் ஆடியோவாக. குழு நடத்துகிறவருக்கு வாட்ஸ்அப் நல்ல கருவி. ஆனால் அதில் கை அடிக்கடி போகும் பொத்தான்தான் அதிகம் கெடுக்கிறது.

பதிவை நீக்க அட்மினுக்கு இருக்கும் பொத்தானைச் சொல்கிறோம். அடுத்தவர் பதிவை எல்லோருக்கும் அழிக்கலாம். ஆனால் அழித்த அட்மின் யார் என்ற வரி அங்கேயே நிற்கும். ‘தண்ணி வரல’ என்ற பதிவை அழித்தால், அதன் ஸ்கிரீன்ஷாட் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும். சாதி மதத்தை இழுப்பது, வீட்டுப் பெண்களைப் பேசுவது, பிறர் போன் நம்பரைப் போடுவது, இவற்றை மட்டும் உடனே அழியுங்கள். அதற்கு முன் தேதி, நேரம், அனுப்பிய நம்பர் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். புகாருக்கு அதுதான் ஆதாரம்.

மற்றதற்கெல்லாம் அந்தப் பதிவின் மேலேயே ‘ரிப்ளை’ போடுங்கள். விசைப்படகில் போனவருக்கு நடுக்கடலில் சிக்னல் கிடைக்காது. கரைக்கு வந்ததும் எல்லாம் மொத்தமாக வந்து விழும். தனியாகப் போட்ட பதில் எதற்கென்றே அவருக்குப் புரியாது. முக்கியமான பதிலை 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என ‘பின்’ செய்யலாம், அதாவது குழுவின் மேலே நிறுத்தி வைக்கலாம். 7 நாளே சரி: விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று வாரத்தைப் பிரித்துக்கொண்ட கரையில், அப்போதுதான் இரு தரப்பும் பார்க்கும்.

அனுப்பியதைத் திருத்த 15 நிமிடம்தான் அவகாசம். ஆகவே எந்தத் தெரு, என்ன பழுது, யார் பொறுப்பு என்று விசாரித்துவிட்டு எழுதுங்கள். கச்சத்தீவை மீட்பீர்களா என்று கேட்டால், 1974 ஒப்பந்தம் இரு நாட்டு அரசுகள் செய்தது, கவுன்சிலர் கையில் இருப்பது குடிநீர், தெருவிளக்கு, குப்பை என்று நேராகச் சொல்லிவிடுங்கள். மழுப்பினால் அதுவே அடுத்த ஆடியோவாகும்.

பெரிய குறை ஃபார்வர்டில் இருக்கிறது. பல கை மாறி இரட்டை அம்புக்குறி விழுந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும். பொய்யின் வேகம் இதனால் குறையும். பல கை மாறிய மறுப்புக்கும் அதே தடைதான். வேட்பாளர் தன் குரலில், தேதி சொல்லி, ஒரு நிமிடத்துக்குள் பேசி, ஒவ்வொரு குழுவிலும் புதிதாகப் பதிவு செய்து போடுவதே நல்லது. பொய் ஆடியோவை அதோடு சேர்த்துப் போடாதீர்கள், பரப்பியது நீங்களாகிவிடும்.

மொத்தமாக மெசேஜ் அனுப்பும் மென்பொருள் விற்க வருவார்கள், வாங்க வேண்டாம். வாட்ஸ்அப் அந்த நம்பரையே முடக்கிவிடலாம். குழுவில் இருப்பது ஒரே அட்மின் என்றால், அவர் நம்பர் முடங்கிய அன்றைக்கு வரும் திட்டுக்குப் பதில் சொல்ல ஆளிருக்காது. வேறு நம்பரில் இன்னொருவரையும் அட்மினாக்கி வையுங்கள்.