பில்லில் புது வெண்கல கைடு, உள்ளே பழைய இரும்பு: ஹெட் வேலைக்குக் கொடுக்கும் முன் படியுங்கள்

பழைய ஹோண்டா சிட்டி வி-டெக், மிட்சுபிஷி லான்சர், பாலியோ 1.6 மாதிரியான வண்டிகளை வாங்கி, வீட்டு ஷெட்டிலேயே மெருகேற்றிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புஷ், ஷாக் அப்சார்பர், பிரேக், கிளட்ச் வரைக்கும் நம் கையாலேயே வேலை ஓடிவிடும். ஆனால் ஹெட்டுக்குள், அதாவது வால்வுகள் இருக்கும் இன்ஜினின் மேல்பகுதிக்குள் போனால் மிஷின் வேலைக்கு வெளியே கொடுத்தே ஆக வேண்டும். அந்த இடத்தில்தான் என்னை ஏமாற்றினார்கள். கோவையில் பெர்ஃபார்மன்ஸ் வேலைக்கென்றே நடக்கும் ஒரு கடை. புகார் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. பெயர் தெரிவதைவிட, இந்த வேலையில் எங்கெங்கே கை வைப்பார்கள் என்று தெரிவதுதான் உங்களுக்கு உதவும்.

என் வண்டி 2001 மாடல் சிட்டி 1.5 வி-டெக். 1998-இல் இந்தியாவுக்கு வந்த முதல் சிட்டியில், 2000-இல் சேர்ந்த இன்ஜின் இது. 106 குதிரைத்திறன். 2003-இல் அடுத்த சிட்டி வந்தபோது அதே 1.5 லிட்டருக்கு 77 குதிரைத்திறன்தான் கொடுத்தார்கள். இன்றைக்கும் பசங்க இந்தப் பழைய வண்டியைத் தேடி அலைவதற்கு அதுதான் காரணம். இந்த இன்ஜினின் உயிர் ஹெட்டில் இருக்கிறது. இன்ஜின் சுற்று ஏறியதும் எண்ணெய் அழுத்தம், வால்வை அழுத்தும் ராக்கர்களுக்குள் ஒரு பின்னைத் தள்ளி, காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வுகளைக் கேம் தண்டின் பெரிய முகத்துக்கு மாற்றுகிறது. ஹெட் கெட்டுப்போனால் இதற்கும் மற்ற பழைய காருக்கும் வித்தியாசமே இல்லை.

குன்னூர் இறக்கத்தில் கியரிலேயே இறங்கிவிட்டு மறுபடி ஆக்சிலேட்டரை மிதித்தால் நீலப்புகை வந்தது. கம்ப்ரஷன் பார்த்தேன், நாலு சிலிண்டரும் ஒன்றுபோல் இருந்தன. பிஸ்டன் ரிங் நன்றாக இருக்கிறது, வால்வு வழியே எண்ணெய் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல்தான் போயிருக்கிறது என்பது தெளிவு. ஹெட்டை நானே கழற்றினேன். கொடுப்பதற்கு முன், ஹெட் வளைந்திருக்கிறதா என்று நேர்விளிம்பு ஸ்கேலை வைத்து, மெல்லிய அளவுத் தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தேன். 0.05 மில்லிமீட்டர் தகடு எங்கேயும் நுழையவில்லை. டூல்ரூமில் வேலை செய்யும் நண்பர் மைக்ரோமீட்டர் கொண்டுவந்து ஹெட்டின் உயரத்தை அளந்தார். ஹோண்டாவின் இந்த டி-சீரிஸ் இன்ஜின் ஹெட்டுக்குக் கம்பெனி அளவு 93 மில்லிமீட்டர், எங்கள் அளவும் அதுவே. எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்தேன்.

கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியல் இது: பதினாறு வெண்கல வால்வு கைடு (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழல்), பதினாறு ஒரிஜினல் வால்வு சீல், மூன்று கோண சீட் கட்டிங் (வால்வு உட்காரும் வளையத்தை வெட்டிச் சீராக்குவது), பிரஷர் டெஸ்ட், 'தேவைப்பட்டால் மட்டும்' லேசான ஃபேசிங் (ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவிச் சமப்படுத்துவது). கூடவே 8,500 ரூபாய்க்கு ஒரு 'பெர்ஃபார்மன்ஸ் சிப்'. மொத்தம் 46,500. முழுத் தொகையும் யுபிஐயில் போனது. கடைச் சுவரெல்லாம் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் எடுத்த போட்டோக்கள். பம்புக்கும் மோட்டாருக்கும் பேர்போன ஊர், தெருவுக்கு ஒரு லேத் பட்டறை இருக்கும் ஊர், இங்கே ஹெட் வேலை தெரியாதவர் இருப்பாரா என்று யாருக்கும் தோன்றும்.

ஹெட் திரும்பி வந்தபோது புதுசுபோல் மின்னியது. மணி அடித்து, அதாவது கண்ணாடிப் பொடிமணியைக் காற்றில் வேகமாகத் தெறிக்கவிட்டுச் சுத்தம் செய்திருந்தார்கள். பூட்டுவதற்கு முன் வாசலில் வைத்து ஹெட்டைக் கவிழ்த்து, ஸ்பார்க் பிளக்குகளை முடுக்கி, பெட்ரோல் எரியும் குழிகளான நாலு சேம்பரிலும் பெட்ரோல் ஊற்றினேன். சீட் சரியாக உட்கார்ந்திருந்தால் சொட்டுகூட இறங்கக்கூடாது. மூன்றாவது சேம்பரில் ஊற்றிய பெட்ரோல் நான் கேனை மூடுவதற்குள் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட் வழியே ஒழுகிவிட்டது. சந்தேகம் வந்து வால்வுகளைக் கழற்றினேன். சீட்டில் மூன்று கோணமெல்லாம் இல்லை. பேஸ்ட் வைத்துத் தேய்த்த மங்கலான ஒற்றை வளையம் மட்டும் இருந்தது.

அப்புறம் பேனா மேக்னெட்டை எடுத்து போர்ட்டுக்குள் கைடின் மேல் வைத்தேன். 'டக்'கென்று பிடித்துக்கொண்டது. ஹெட் அலுமினியம், வெண்கலமும் மேக்னெட்டில் ஒட்டாது. அப்படியானால் உள்ளே இருப்பது பழைய இரும்பு கைடு. ஒன்றாவது மாற்றியிருப்பார்களோ என்று பதினாறிலும் வைத்துப் பார்த்தேன். பதினாறிலும் ஒட்டியது.

சீல்களைப் பார்த்தபோதுதான் எனக்குக் கோபமே வந்தது. ஹோண்டாவில் இன்டேக் சீலின் ஸ்பிரிங் வெள்ளை, எக்ஸாஸ்ட் சீலுக்குக் கறுப்பு. இதில் இரண்டும் கலந்து கிடந்தன. நகத்தால் அழுத்தினால் புது சீல் அமுங்கும். இவை பிளாஸ்டிக் மாதிரி விறைத்து, உதடு வெடித்திருந்தன. என் பழைய சீல்களையே கழுவி, எது எங்கே என்றுகூடப் பார்க்காமல் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். எந்தக் கோளாறுக்காகக் கொடுத்தேனோ, அதைத் தொடவே இல்லை.

எண்ணெய் போகும் துளையில் ஒரு பக்கம் காற்றடித்து மறுபக்கம் வெள்ளைத்தாளைப் பிடித்தேன். தாளில் உப்புத்தூள் போல் கண்ணாடி மணிகள் விழுந்தன. இந்த ஹெட்டில் கேமுக்குத் தனியாக பேரிங் கிடையாது, அலுமினியத்திலேயே நேராகச் சுற்றுகிறது. அப்படியே பூட்டி ஸ்டார்ட் செய்திருந்தால் முதல் நாளிலேயே கேம் உட்கார்ந்து சுற்றும் ஜர்னல்களில் கோடு விழுந்திருக்கும்.

ஃபேசிங் மட்டும் நிஜமாகவே செய்திருந்தார்கள், அதுவும் தேவையே இல்லாத ஹெட்டில். மறுபடி அளந்தபோது 92.4 மில்லிமீட்டர். ஹோண்டா அனுமதிப்பது அதிகபட்சம் 0.2, இவர்கள் சீவியது 0.6. மேற்பரப்பில் நகத்தை ஓட்டினால் கட்டர் கோடுகள் தட்டுப்பட்டன. அவ்வளவு சீவினால் கம்ப்ரஷன் விகிதம் கிட்டத்தட்ட அரைப் புள்ளி ஏறும், சாதாரண பெட்ரோலில் நாக்கிங் தட்டும், அதாவது பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கும். ஹெட் தாழ்ந்துவிடுவதால் பெல்ட்டில் கேம் டைமிங்கும், அதாவது வால்வு திறந்து மூடும் நேரமும் பின்தங்கும். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியும் குறையும். குறைந்த உலோகத்தைத் திரும்பச் சேர்க்க வழியில்லை.

போட்டோக்களோடு நேரில் போனேன். "அண்ணா, கைடு மாத்துனீங்களா?" என்று கேட்டேன்.

"ஏனுங்க தம்பி, இருபத்தஞ்சு வருசத்து வண்டிக்கு இவ்வளவு நுணுக்கம் பாத்தா முடியுமா? ஃபேசிங் அடிச்சா கம்ப்ரஷன் ஏறும், பிக்கப் கிடைக்கும். உங்களுக்கு லாபந்தானுங்க."

மேக்னெட்டை அவர் முன்னாலேயே வைத்துக் காட்டினேன். உடனே பேச்சு மாறியது. "லேத்துக்காரன் பண்ணுனதுக்கு நான் என்னங்க பண்றது?" எந்த லேத் என்று கேட்டால் பதில் இல்லை.

சிப் கதையையும் சொல்லிவிடுகிறேன். தீப்பெட்டியை விடச் சின்னக் கறுப்புப் பெட்டி, இரண்டு ஒயர். இன்டேக் காற்று வெப்பநிலை சென்சாரின் இணைப்பைக் கழற்றிவிட்டு இதை மாட்டச் சொன்னார்கள். மாட்டாமல், பிசினைச் சுரண்டித் திறந்தேன். உள்ளே ஒரே ஒரு ரெசிஸ்டர். மஞ்சள், ஊதா, சிவப்பு வளையம், அதாவது 4.7 கிலோ ஓம். எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைப்பது. கோயம்புத்தூர் வெயிலில் ஓடும் வண்டியிடம் 'உள்ளே வருவது உறைகுளிர்க் காற்று' என்று பொய் சொல்லும் வேலைதான் அதற்கு. இன்ஜினின் கம்ப்யூட்டரான இசியு அதை நம்பி பெட்ரோலைக் கூட்டும். பவர் வராது, பிளக் கரியடிக்கும், மைலேஜ் போகும். இரண்டு ஒயர் பெட்டியை யார் சிப் என்று விற்றாலும் வாங்காதீர்கள்.

இதே கடையில் பெரிய இன்ஜின் மாற்றுவதற்கும் ஆள் பிடிக்கிறார்கள். 'ஆர்சி பத்திக் கவலை வேண்டாம், பாத்துக்கலாம்' என்று பக்கத்தில் நின்ற ஒரு கல்லூரிப் பையனிடம் சொன்னதைக் காதால் கேட்டேன். ஆர்சியில் உள்ள விவரமும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பும் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உரிமையாளருக்குத்தான், மெக்கானிக்குக் கிடையாது.

எனக்கு வேறு ஹெட் தேட வேண்டியதாயிற்று. சென்னை புதுப்பேட்டையில் ஒன்று கிடைத்தது. அதை வாங்கும்போதே ஸ்கேலும் ஃபீலரும் கொண்டுபோய்க் கடை வாசலிலேயே பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தேன். இந்த முறை போர்டே இல்லாத ஒரு பட்டறை. பெரியவர் ஒருவரும் அவர் மகனும் நடத்துகிறார்கள். கைடு தேய்மானத்தை டயல் கேஜ் வைத்து என் கண்முன் காட்டினார். "பத்து நல்லாத்தான் இருக்குது தம்பி, ஆறு மாத்துனாப் போதும்" என்றார். பழைய ஆறையும் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்தார். சீட் வெட்டிய பிறகு நீல மை தடவி, வால்வு எங்கே உட்காருகிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். வேலையைக் காட்டத் தயங்காத ஆளிடம் கொடுப்பதில் இருக்கிற நிம்மதியே தனி. இப்போது குன்னூர் இறக்கத்தில் புகை இல்லை.

ஹெட் கொடுக்கப் போகிறவர்கள் குறைந்தபட்சம் இதைச் செய்யுங்கள். கொடுக்கும் முன் உயரத்தை அளந்து, அளவோடு போட்டோ எடுங்கள். கழற்றிய கைடு, சீல் எல்லாவற்றையும் திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே எழுத்தில் கேளுங்கள். 'அதெல்லாம் குப்பைக்குப் போயிருச்சு' என்பவரிடம் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஃபேசிங் வேண்டுமென்றால் எவ்வளவு வளைவு, எவ்வளவு சீவப்போகிறீர்கள் என்ற கணக்கைக் கேட்டு வாங்குங்கள். திரும்பி வந்ததும் பெட்ரோல் ஊற்றிப் பார்க்காமல் பூட்டவே பூட்டாதீர்கள். மணி அடித்த ஹெட் என்றால் ஒவ்வொரு எண்ணெய்த் துளையையும் கழுவிக் காற்றடிக்க வேண்டும்.

ஏமாந்தவர்கள் சும்மா விடத் தேவையில்லை. முதலில் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். சரிப்படவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பிரச்சினை நடந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். ஜிஎஸ்டி பில் தராமல் வெறும் எஸ்டிமேட் துண்டுச்சீட்டைக் கொடுத்திருந்தால், வாட்ஸ்அப் பட்டியலையும் யுபிஐ ரசீதையும் அழிக்காமல் வையுங்கள். நான் அவற்றோடு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.

வக்கீல் நோட்டீஸ் போன பிறகு கடைக்காரர் ஒரு ஆளை அனுப்பினார். முழுப் பணத்தையும் தருகிறோம், அந்தப் பழைய ஹெட்டையும் கறுப்புப் பெட்டியையும் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். கொடுக்கவில்லை. உங்களிடமும் இப்படிக் கேட்டு வருவார்கள். ஆணையம் நினைத்தால் பொருளைப் பரிசோதனைக்கு அனுப்ப முடியும், அதற்குப் பொருள் உங்கள் கையில் இருக்க வேண்டும்.